அம்மன் கோயில் வாசலில் தொடங்கும் சந்தனக்கூடு: நாகூர் கந்தூரி, ஒரு நிகழ்வு ஆய்வு

ஹிஜ்ரி ஆண்டின் ஆறாம் மாதமான ஜமாதுல் ஆகிரில், பத்தாம் நாள் இரவு, நாகப்பட்டினம் அபிராமி அம்மன் கோயில் திருவாசலிலிருந்து, சந்தனக்குடம் ஏந்திய அலங்கார ரதமான சந்தனக்கூடு புறப்படுகிறது. விளக்குகள் போர்த்திய கூட்டுடன் மின்னொளி ரதங்களும் அணிவகுக்கின்றன. நாகைத் தெருக்களைச் சுற்றிக்கொண்டு, வடக்கே ஐந்து கிலோமீட்டரில் உள்ள நாகூரை ஊர்வலம் எட்டும்போது விடியல் நெருங்கிவிடுகிறது. தர்காவில் சந்தனக்குடம் இறக்கப்பட்டு, தர்காவின் சமயத் தலைவரான பரம்பரைக் கலீபா, ‘பெரிய ஆண்டவர்’ என்று அழைக்கப்படும் ஷாகுல் ஹமீது நாயகத்தின் சமாதியில் சந்தனம் பூசுகிறார். அந்தச் சந்தனத்தில் ஒரு துளி கிடைக்காதா என்று அலங்கார வாசலிலும் சுற்றுத் தெருக்களிலும் இரவெல்லாம் விழித்துக் காத்திருக்கும் கூட்டத்தில் பொட்டு வைத்தவர்களும் தொப்பி போட்டவர்களும் தோளோடு தோள் நிற்கிறார்கள்.

ஒரு முஸ்லிம் இறைநேசரின் நினைவு விழாவான கந்தூரியின் ஊர்வலம் அம்மன் கோயில் வாசலில் ஏன் தொடங்க வேண்டும்? வெளியூர்க்காரருக்கு முதலில் தோன்றும் கேள்வி இது. நாகைக்காரருக்கு அது கூடு புறப்படும் இடம், அவ்வளவுதான். இந்த இயல்பு எப்படி உருவானது, எதனால் இத்தனை நூற்றாண்டுகள் நிலைத்தது என்பதே இந்த ஆய்வின் பொருள்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. முஸ்லிம் பண்டிகைகளை நகரப் பூங்காவிலும் சதுக்கத்திலும் எல்லோருக்குமான விழாவாகக் கொண்டாடும் வழக்கம் உலகின் பல நகரங்களில் வேர்விட்டிருக்கிறது. லண்டனின் டிரஃபால்கர் சதுக்கத்தில் 2006 முதல் பெருநாள் விழா நடக்கிறது. மேடை, இசை, உணவுக் கடைகள், குழந்தைகளுக்கான விளையாட்டு என்று ஒரு பகல் முழுவதும் திறந்த அழைப்பு. நல்ல முயற்சி. தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ அப்படி ஒன்றை நடத்த ஆசைப்படும் இளைஞர்களுக்கு, வெளிநாட்டு மாதிரியைத் தேடுமுன் நாகூர் இருக்கும் வெட்டாற்று முகத்துவாரத்துக்குப் போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். ‘எல்லோரும் வாருங்கள்’ என்ற அழைப்பு மட்டும் ஒரு விழாவைப் பொதுவிழாவாக்கிவிடாது. வருகிறவருக்கு அதில் ஒரு வேலையும் ஓர் உரிமையும் இருந்தால்தான் அது அவருடைய விழாவாகிறது. நாகூர் இதைச் செய்து காட்டியிருக்கிறது.

தொடங்குமுன் ஒரு தெளிவு. இஸ்லாத்தின் பெருநாட்கள் இரண்டு: நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும். கந்தூரி அந்தக் கணக்கில் சேராது. அது ஷாகுல் ஹமீது நாயகம் மறைந்த நாளின் நினைவு. மார்க்கக் கடமையாக அதை யாரும் சொல்வதில்லை. ஊர்மரபாக வளர்ந்ததனால்தான் அதற்குள் இத்தனை பேருக்கு இடம் பிறந்தது என்று நினைக்கிறேன்.

பலர் கட்டிய இடம்

ஷாகுல் ஹமீது இன்றைய உத்தரப் பிரதேசத்திலுள்ள மாணிக்கப்பூரில் பிறந்தவர். குவாலியரில் முகம்மது கௌஸ் என்ற ஞானியிடம் சீடராக இருந்து, மக்கா உட்படப் பல ஊர்கள் சுற்றி, கடைசியில் சோழ மண்டலக் கரைக்கு வந்து சேர்ந்தார். மரபுப்படி அவர் மறைந்தது ஹிஜ்ரி 978, அதாவது கி.பி. 1570. 2024 டிசம்பரில் நடந்த கந்தூரியை 468ஆவது என்று எண்ணினார்கள். ஹிஜ்ரி 1446இலிருந்து 978ஐக் கழித்தால் அதே எண் வருகிறது. நாகூரார் வைத்திருக்கும் கணக்கு இவ்வளவு துல்லியமானது.

அவர் தஞ்சாவூருக்கு வந்தபோது நாயக்க மன்னர் அச்சுதப்பர் தீராத நோயில் கிடந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அரண்மனைக் கூரையில் ஊசிகள் குத்திய புறா ஒன்று கிடந்ததாம். நாயகம் அந்த ஊசிகளைப் பிடுங்கி எறிந்ததும் மன்னரின் வலி நீங்கியதாம். நன்றியாகக் கிடைத்த நிலத்தில் நாகூர் தர்காவுக்கு அடி போடப்பட்டது என்று கதை முடிகிறது. இன்றும் நேர்த்திக்கடனாகப் புறா விடுகிறவர்கள் இந்தக் கதையைத்தான் கையில் ஏந்தி நிற்கிறார்கள். இதை வரலாற்று ஆவணமாக நான் முன்வைக்கவில்லை. ஆனால் ஓர் ஊர் தன்னைப் பற்றி எந்தக் கதையைச் சொல்லிக்கொள்ளத் தேர்ந்தெடுக்கிறது என்பதற்கு எடை உண்டு. நாகூரின் தொடக்கக் கதையிலேயே ஓர் இந்து மன்னரும் ஒரு முஸ்லிம் ஞானியும் ஒருவருக்கொருவர் கடன்பட்டவர்களாக இருக்கிறார்கள்.

கதையை விட்டுக் கல்லுக்கு வருவோம். தர்காவில் ஐந்து மினாராக்கள். அவற்றில் மிக உயரமான பெரிய மினாரா 131 அடி. அதை எழுப்பியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங், ஆண்டு 1753. வேண்டுதல் பலித்ததற்கு மன்னர் செலுத்திய காணிக்கை அது என்கிறார்கள். கடலிலிருந்து கரை திரும்பும் படகுக்காரன் கண்ணில் முதலில் படுவது அந்த மினாராதான். கந்தூரி தொடங்கும் நாளில் கொடி ஏறுவதும் அந்த மினாராவையும் சேர்த்து ஐந்திலும்தான். ஆக, கொடி முஸ்லிம்களுடையது, கொடி பறக்கும் கோபுரம் மராட்டிய மன்னர் கொடுத்தது. இரண்டையும் பிரித்து ஒரு கந்தூரியை நடத்திக்காட்ட முடியாது.

வணிகர்களும் மாலுமிகளும் இந்தப் பற்றைக் கடல் கடந்து கொண்டுபோனார்கள். சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையில் நாகூர் தர்கா ஒன்று எழுந்தது. பினாங்கில் ஒன்று உண்டு. இலங்கையின் கல்முனைக்குடியில் கடற்கரைப் பள்ளி இன்றும் நாயகத்தின் பெயரால் கொடியேற்றுகிறது. புயலில் சிக்கியவன் ‘எஜமானே’ என்று கூப்பிட்ட குரலுக்கு மதம் கேட்கப்பட்டதாக எந்தக் கதையும் இல்லை.

பதினான்கு நாட்களில் யாருக்கு என்ன வேலை

கந்தூரி பதினான்கு நாள் விழா. அதற்கு முன்பே மினாராக்களில் பாய்மரம் ஏற்றிவிடுவார்கள். கொடிமரத்தைப் பாய்மரம் என்று அழைக்கும் விழா கடலோடிகளுடையதாகத்தான் இருக்க முடியும். முதல் நாள் கொடி ஊர்வலம் நாகப்பட்டினத்திலிருந்து புறப்படுகிறது. அதில் கப்பல் வடிவ ரதங்கள் வரும், சாம்பிராணிச் சட்டி வரும், செட்டிப் பல்லக்கு என்றே பெயர் பெற்ற பல்லக்கு ஒன்றும் வரும். ஒரு முஸ்லிம் விழாவின் ஊர்வலத்தில் ஒரு பல்லக்குக்கு அந்தப் பெயர் நிலைத்திருப்பதை நான் முக்கியமான சான்றாகக் கருதுகிறேன். ஊர்வலத்தில் தனக்கென்று ஓர் இடம் இருப்பவரை யாரும் விருந்தாளியாக எண்ண முடியாது.

இடைப்பட்ட நாட்களில் வாணவேடிக்கை. பீர் மண்டபத்தில் பீர் எனப்படும் பக்கீர் ஒருவரை அமர்த்தும் ‘பீர் வைக்கும்’ சடங்கு நடக்கும். நோன்பிருந்து அமரும் பீரைக் காண வரிசை நீளும். பிறகு அவர் கடற்கரைக்கு ஏகும்போது கூட்டமும் அவரோடு அந்தச் சில்லடிக் கரைக்குப் போகும். பத்தாம் நாள் சந்தனக்கூடு. பதினான்காம் நாள் கொடியிறக்கம்.

சந்தனம் பூசுவதற்கான கட்டைகளைத் தமிழக அரசு விலையின்றி வழங்குகிறது. நாகப்பட்டினம் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை அறிவிக்கப்படுகிறது. சிறப்புப் பஸ்களும் ரயில்களும் விடப்படுகின்றன. இவற்றைச் சலுகையாகப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கதைப்படி நாயக்கர் காலத்தில் நிலமாகவும், மராட்டியர் காலத்தில் மினாராவாகவும் வந்த அரசின் பங்கு இப்போது சந்தனக் கட்டையாக வருகிறது. ஆட்சிகள் மாறியபோதும் ஆட்சியில் இருப்பவர் கந்தூரிக்கு ஏதாவது கொடுப்பது என்ற முறை மாறாமல் தொடர்கிறது. அதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

பக்தர்களின் பங்கு இன்னும் நுணுக்கமானது. தர்காவைச் சுற்றியுள்ள கடைகளில் வெள்ளித் தகடும் தகரத் தகடும் விற்கிறார்கள். கை, கால், கண், குழந்தை, வீடு, படகு என்று வேண்டுதலுக்கு ஏற்ற உருவம். கால் வலி தீர்ந்தவர் கால் உருவத்தையும், படகு கரை சேர்ந்தவர் படகு உருவத்தையும் வாங்கிச் செலுத்துகிறார். குளக்கரையில் குழந்தைக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசுகிறார்கள். நாகையைச் சுற்றிச் சிக்கலில் முருகனும் வேளாங்கண்ணியில் மாதாவும் இருக்கிறார்கள். ஒரே குடும்பம் மூன்று இடங்களிலும் நேர்ந்துகொள்வது டெல்டாவில் சாதாரணம். தகடு, மொட்டை, கொடியேற்றம் ஆகிய மூன்றையும் இந்த வட்டாரத்துக் கோயிலிலும் தேவாலயத்திலும் பார்த்துப் பழகியவர் நாகூருக்குள் நுழையும்போது எதையும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. என்ன செய்ய வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பது அவருடைய உடம்புக்கே தெரிந்திருக்கிறது. திறந்த விழா என்று சொல்லிக்கொள்ளும் பலவற்றில் பிற சமூகத்தார் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க நேர்வதற்குக் காரணம், அவர்கள் செய்வதற்கு அங்கே ஒன்றும் இல்லாமல் இருப்பதுதான்.

இசையிலும் இதே கதை. தர்காவின் ஆஸ்தான வித்துவானாக விளங்கிய எஸ்.எம்.ஏ. காதர் கர்நாடக இசையில் தேர்ந்தவர். இ.எம். ஹனிபாவின் குரல் டெல்டாவின் எந்த மதத்து வீட்டுக்கும் அந்நியமானதல்ல. உணவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: இறால் வாடாவும் தம்ரூட்டும் அல்வாவும் வாங்காமல் நாகூரிலிருந்து ஊர் திரும்பியவர் வீட்டில் பதில் சொல்லியாக வேண்டும்.

ஒப்பிட ஒரு சிற்றூர்: காசவளநாடு புதூர்

தஞ்சாவூருக்கு அருகிலுள்ள காசவளநாடு புதூரில் மொகரம் ஊர்த் திருவிழா. நடத்துகிறவர்கள் பெரும்பாலும் இந்துக்கள். முந்நூறு ஆண்டு மரபு என்கிறார்கள் ஊர்க்காரர்கள். உள்ளங்கை உருவத்தை ‘அல்லா சாமி’ என்று அழைத்து, விரதமிருந்து, இரவு முழுவதும் வீதியுலா எடுத்துச் செல்கிறார்கள். வீட்டு வாசல்களில் பானகமும் அவலும் தேங்காயும் வைத்துப் பாத்தியா (குர்ஆனின் முதல் அத்தியாயம்) ஓதுகிறார்கள். எலுமிச்சை மாலையும் பட்டும் சாத்துகிறார்கள். உலா முடிந்து காலையில் பூக்குழி இறங்குகிறார்கள்.

மொகரம் பத்தாம் நாள், கி.பி. 680இல் கர்பலாவில் நபிகளின் பேரர் இமாம் ஹுசைன் கொல்லப்பட்ட நாள். ஷியா முஸ்லிம்களுக்கு அது துக்க நாள். புதூரில் அது நேர்த்திக்கடன் தீர்க்கும் நாளாக மாறிவிட்டது. இது மரபின் திரிபு என்று ஒருவர் சொன்னால் அவருடைய வாதத்தை என்னால் ஒதுக்க முடியாது. ஆனாலும் பொறுப்பு யாரிடம் இருக்கிறதோ அவருடையதாகத்தான் விழா இருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு டெல்டாவில் கிடையாது. அந்த ஊரில் முஸ்லிம்கள் மிகக் குறைவு; விழா நிற்கவில்லை. விரதமிருப்பவரும் உள்ளங்கையைச் சுமப்பவரும் குழிக்கு விறகு அடுக்குபவரும் ஊரிலேயே இருந்ததால் நிற்கவில்லை.

நாகூருக்கும் புதூருக்கும் வேறுபாடு பெரிது. நாகூரில் சமாதியும் துஆ என்ற பிரார்த்தனையும் சந்தனம் பூசும் உரிமையும் உறுதியாக முஸ்லிம்களிடம் இருக்கின்றன. அதைச் சுற்றியுள்ளவை பலரிடம் பகிர்ந்திருக்கின்றன. புதூரில் மையமே கைமாறிவிட்டது. நகரத்தில் இன்று ஒரு பெருநாள் விழாவை நடத்த நினைப்பவருக்கு நாகூர் முறையே பொருந்தும். மையம் தெளிவாக ஒரு சமூகத்திடம் இருக்கும்போதுதான் மற்றவர்களுக்குத் தயக்கமின்றிப் பங்கு கொடுக்க முடிகிறது.

உரசல்கள்

கந்தூரியை எதிர்ப்பவர்கள் முஸ்லிம்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். வணக்கமும் வேண்டுதலும் அல்லாஹ்வுக்கு மட்டுமே உரியவை. சமாதியில் போய்க் கேட்பது இறைவனுக்கு இணைவைத்தல் என்பது தவ்ஹீத் இயக்கத்தாரின் நிலைப்பாடு. இறைவனிடம்தான் கேட்கிறோம், இறைநேசரை முன்னிட்டுக் கேட்கிறோம் என்பது தர்கா மரபினரின் பதில். தமிழ்நாட்டின் முஸ்லிம் ஊர்களில் 1980களிலிருந்து இந்த விவாதம் சூடாகவே நடக்கிறது. ஒரே வீட்டில் அண்ணன் கந்தூரிக்குப் போக, தம்பி கதவைச் சாத்திக்கொள்வதுண்டு. பிற சமூகத்தார் இந்த விவாதத்தில் ஒரு பக்கத்தை ‘நல்ல முஸ்லிம்’ என்று தட்டிக்கொடுப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் பழக்கம். கந்தூரிக்கு வராத முஸ்லிம் அண்டை வீட்டாரை வெறுப்பவர் அல்லர். அவருடைய தயக்கம் இறைநம்பிக்கை பற்றியது. நல்லிணக்கத்துக்கு அடையாளமாகக் கந்தூரியைக் கொண்டாடுகிறவர்கள் அந்தத் தயக்கத்தையும் மதிக்கக் கடமைப்பட்டவர்கள்.

நிர்வாகத்திலும் சிக்கல் இருந்திருக்கிறது. பரம்பரை அறங்காவலர்களுக்கிடையிலான வழக்குகள் நீதிமன்றம் சென்றன. உயர் நீதிமன்றம் இடைக்கால நிர்வாகிகளை நியமித்த காலமும் உண்டு. அப்போதும் கந்தூரி நடந்தது. அலுவலகத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் கொடி ஊர்வலத்தை நடத்தும் நாகை ஜமாத்தாரும், பல்லக்கு தூக்குகிறவரும், கூடு கட்டுகிறவரும் தங்கள் வேலையைச் செய்தார்கள். பொறுப்பு பரவிக் கிடப்பதன் நடைமுறைப் பயன் இது.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது வேறு. இரவு முழுவதும் தங்கும் கூட்டத்தில் பெண்கள், கைக்குழந்தைகள், நோயாளிகள் நிறையப் பேர். தர்காவைச் சுற்றியுள்ள தெருக்கள் குறுகலானவை. கழிப்பறை, குடிநீர், படுத்துறங்க ஒரு கூரை ஆகிய மூன்றும் வருகிற கூட்டத்துக்கு ஈடாக ஒருநாளும் இருப்பதில்லை. மினாராவுக்கு விளக்குப் போடக் கொடையாளர் உடனே கிடைக்கிறார்; பெண்களுக்கான கழிப்பறைக்குக் கொடை கேட்டால் தேட வேண்டியிருக்கிறது. இந்த நிலை மாற வேண்டும்.

பூங்காவுக்கு எடுத்துச் செல்லக்கூடியது

தஞ்சாவூரில் பெரிய கோயிலை ஒட்டிச் சிவகங்கைப் பூங்கா இருக்கிறது. நோன்புப் பெருநாளன்று மாலை அங்கே ஒரு திறந்த கூடல் நடப்பதாக எண்ணிப் பார்க்கிறேன். டெல்டாவில் பெருநாள் பெரும்பாலும் நண்பகலோடு வீட்டுக்குள் போய்விடுகிறது. காலையில் திடலில் தொழுகை, பிறகு அண்டை வீடுகளுக்குத் தூக்குச்சட்டியில் பிரியாணி. மாலை காலியாகக் கிடக்கிறது. தொழுகையை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, மாலையை மட்டும் பொதுவில் வைக்கலாம்.

நாகூரைப் பின்பற்றினால் அழைப்பிதழ் அச்சிடுவதற்கு முன்பே வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். நோன்புக் கஞ்சிக்கு அரசு பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி தருகிறது. அந்தக் கஞ்சியைத் தினமும் வாங்கிக் குடித்து வளர்ந்த பிற மதத்துப் பிள்ளைகள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். மாலைக் கூடலின் பந்தியை அவர்கள் பொறுப்பில் விடலாம். சைவப் பந்தியை அவர்களே சமைத்து, தனி வரிசையில் பரிமாறட்டும். யாரும் தயங்கி ஓரமாக நிற்க நேராது. மேடையை நாதசுரக் கலைஞர்களிடம் தொடங்கக் கொடுக்கலாம். பந்தல்காரரின் பெயரை நன்றி அறிவிப்பில் முதலில் சொல்லலாம். மிக முக்கியமாக, இந்த ஆண்டு ஒருவர் செய்த வேலையை அடுத்த ஆண்டும் அவரிடமே கொடுக்க வேண்டும். செட்டிப் பல்லக்கு ஒரே ஆண்டில் செட்டிப் பல்லக்கு ஆகியிருக்காது.

கடைசியாக நாள்காட்டி பற்றி. ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாட்கள்தான் என்பதால் கந்தூரி ஆண்டுதோறும் சுமார் பதினொரு நாள் முன்னால் நகர்கிறது. 2024இல் கொடியேற்றம் டிசம்பர் 2ஆம் தேதி. அதற்கு இரண்டு நாள் முன்புதான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்திருந்தது. பிறை தெரிவதைப் பொறுத்து, 2026இலும் 2027இலும் கந்தூரி தீபாவளியை ஒட்டியே, வடகிழக்குப் பருவமழையின் நடுவில் வரும். கஜா புயல் 2018 நவம்பர் 16இல் இந்தக் கரையைத் தாக்கியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தீபாவளிக்கு ஊர் வந்தவர்கள் அப்படியே தங்கி நாகூருக்கும் வருவார்கள். கூட்டம் கூடும், மழையும் சேர்ந்து வரும். தர்கா நிர்வாகமும் நகராட்சியும் மாவட்ட நிர்வாகமும் இப்போதே உட்கார்ந்து பேச வேண்டியவை சில: தெருவில் நீர் தேங்கினால் ஊர்வலம் போக மாற்று வழி, மின்னொளி ரதங்களில் மின்கசிவுச் சோதனை, புயல் எச்சரிக்கை வந்தால் கூட்டத்தைத் தங்கவைக்கப் பள்ளிக்கூடங்களும் திருமண மண்டபங்களும், பெண்களுக்குத் தனிக் கழிப்பறைகள். கூரைக்கும் கழிப்பறைக்குமான பொறுப்பை நாகையின் கோயில் குழுக்களிடமும் வேளாங்கண்ணியில் பெருங்கூட்டத்தைக் கையாண்டு பழகியவர்களிடமும் கேட்டுப் பெறலாம். கேட்டால் மறுக்க மாட்டார்கள்.